நாற்பது மடங்கு மாப்பிள்ளை

எங்கள் வீட்டுக்கு மிக்ரோஸ்கோப் வந்து இறங்கிய அன்று, அத்தை ஒரு சின்னக் குப்பியில் மாதாகோயிலில் மந்திரித்த தண்ணீரோடு வந்து நின்றாள். புதுச் சாமான் எது வந்தாலும் தெளித்துத்தான் உள்ளே விடுவாள். பித்தளைக் குழாயும் கண்ணாடி வில்லைகளுமாக இருக்கிற கருவியில் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று நான் கத்தினேன். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. கத்தாமல் எதையும் சொல்ல எனக்குத் தெரியாது. இப்போதும் பெரிதாகக் கற்றுக்கொண்டுவிடவில்லை. கடைசியில் அப்பா குறுக்கே வந்து, மரப்பெட்டிக்குத் தெளிக்கலாம், உள்ளே இருப்பதற்குக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னார்.

தீர்ப்பு என்று சும்மா சொல்லவில்லை. அப்பா புதுச்சேரி நீதிமன்றத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆயுள் முழுவதும் வெள்ளைக்காரர்கள் சொன்ன தீர்ப்பை எழுதி எழுதிக் கை ஓய்ந்த மனிதர், ஓய்வு பெற்றதும் வீட்டில் சொந்தமாகத் தீர்ப்பு வழங்க ஆரம்பித்தார். இரவுக்குக் கத்தரிக்காயா வெண்டைக்காயா என்பதற்குக்கூட இரு தரப்பையும் கூப்பிட்டுக் கேட்பார். அம்மா போன பிறகு விதவையான அத்தை எங்களோடு வந்துவிட்டாள். அவள் அப்பாவுக்கு மூத்தவள் என்பதால் எல்லா வழக்கிலும் அவள் தரப்பே ஜெயித்தது.

மிக்ரோஸ்கோப் என்னுடையது அல்ல. கடற்கரைப் பக்கம் குடியிருந்த ஒரு பிரெஞ்சு டாக்டரிடம் நான் வேலை பார்த்தேன். அவர் வீட்டுப் பின்கட்டில் ஒரு பரிசோதனை அறை. ஊர்க்காரர்களின் இரத்தம், சளி, சாப்பிடும்போது சொல்லக் கூடாத இன்னும் சில, எல்லாம் அங்கே வரும். அவற்றைக் கண்ணாடித் துண்டில் மெல்லியதாகத் தடவி, சாயம் ஏற்றி, கருவியின் கீழே வைத்துக் கொடுப்பது என் வேலை. அந்த வருடம் டாக்டர் நீண்ட விடுப்பில் பிரான்சுக்குக் கப்பல் ஏறினார். பூட்டிய வீட்டின் உப்புக்காற்றில் பித்தளை பச்சை பிடிக்கும், வில்லைகளில் பூஞ்சாணம் நூல் விடும், ஆகையால் நான் திரும்பும் வரை நீ உன் வீட்டில் வைத்துக் காப்பாற்று என்று சொல்லிவிட்டுப் போனார். என்னை நம்பித் தந்துவிட்டார் என்கிற பெருமையில் நான் தெருவில் நடக்கும்போது கொஞ்சம் உயரமாகவே இருந்தேன்.

தெருவே வந்து பார்த்தது. வந்தவர்கள் எல்லாரும் அதைப் பூதக்கண்ணாடி என்றார்கள். அதுதான் எனக்குப் பொறுக்காது. பூதக்கண்ணாடி என்பது ஒற்றை வில்லை. டாக்டர் அதையும் ஒன்று கொடுத்திருந்தார். கொம்புச் சட்டத்துக்குள் மடங்கிக்கொள்ளும் சின்ன லூப்பு. பத்து மடங்கு பெரிதாகக் காட்டும், நேராகக் காட்டும், சட்டைப் பையில் அடங்கும். மிக்ரோஸ்கோப் வேறு சாதி. அதில் பொருளுக்குப் பக்கத்தில் ஓர் அடிக்கண்ணாடி, கண்ணுக்குப் பக்கத்தில் ஒரு மேல்கண்ணாடி. அடிக்கண்ணாடி நாலு மடங்கு, மேல்கண்ணாடி பத்து மடங்கு என்றால், மொத்தம் பதினாலு இல்லை, நாற்பது. எங்கள் கருவியில் அடிக்கண்ணாடிகள் நாலு, ஒரு சுழலும் தட்டில் பொருத்தியிருக்கும். திருப்பத் திருப்ப நாற்பது, நூறு, நானூறு என்று ஏறும். கடைசிக் கண்ணாடிக்கும் பொருளுக்கும் நடுவில் ஒரு சொட்டு தேவதாரு எண்ணெய் விட்டால் ஆயிரம். எண்ணெய் என்றதும் அத்தை, சமையலறையில் நல்லெண்ணெய் இருக்கிறது, வேண்டுமா என்று கேட்டாள்.

இன்னும் வகைகள் உண்டு. டாக்டரிடம் ஒரு விலைப் புத்தகம் இருந்தது. இரண்டு கண்ணாலும் பார்க்கிற கருவி, அதில் பூச்சியின் காலைப் பார்த்தால் மேடும் பள்ளமுமாக, கையால் எடுத்துவிடலாம் போலத் தெரியுமாம். பக்கவாட்டில் வெளிச்சம் விட்டு, கறுப்புப் பின்னணியில் கிருமியை மட்டும் மினுக்க வைக்கிற கருவி ஒன்று. பெண்கள் நகைக்கடைக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்பதுபோல அவர் அந்தப் பக்கங்களைப் புரட்டிப் பெருமூச்சு விடுவார். வெளிச்சமே இல்லாமல் எலெக்ட்ரானைக் கொண்டு பார்க்கிற கருவியை ஜெர்மனியில் செய்கிறார்கள் என்று அவர் ஒரு நாள் பத்திரிகையைப் படித்துவிட்டுச் சொன்னபோது, வெள்ளைக்காரர்களும் கதை விடுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

இனி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுக்காகத்தான் இவ்வளவும்.

அக்காவுக்குக் கிட்டப்பார்வை. சோடாப் புட்டியின் அடிப்பாகம் போலத் தடித்த கண்ணாடி. அதைக் கழற்றிவிட்டால் எதிரே நிற்பது அத்தையா அலமாரியா என்று தெரியாது. ஆனால் அதே கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு பொருளை மூக்கு நுனிக்கு அருகே பிடித்துக்கொண்டால், மற்றவர்களுக்குத் தெரியாததெல்லாம் அவளுக்குத் தெரியும். கன்னியர் மடத்தில் லேஸ் பின்னக் கற்றவள். அவள் பின்னிய பூவின் இழையைப் பார்க்க எனக்கு லூப்பு வேண்டும், அவளுக்கு வேண்டாம். டாக்டரிடம் ஒரு முறை இதைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, பெரிதாக்குவது என்பதே அவ்வளவுதான் என்றார். பொருள் கண்ணுக்குக் கிட்டே வர வரப் பெரிதாகத் தெரியும். ஆனால் நம் கண் ஒரு சாணுக்குள் வந்ததைத் தெளிவாகப் பார்க்காது, கலங்கிவிடும். ஒரு வில்லையை நடுவில் பிடித்தால் இன்னும் கிட்டே போகலாம். உன் அக்காவுக்கு அந்த வில்லை கண்ணுக்குள்ளேயே இருக்கிறது என்றார்.

பெண் பார்க்க வந்தவர்களுக்கு யார் இதைச் சொல்வது? வந்தார்கள், பலகாரம் தின்றார்கள், கண்ணாடியைப் பார்த்தார்கள், போனார்கள். பிறக்கிற பிள்ளைகளும் கண்ணாடியோடு பிறக்குமா என்று ஒரு கிழவர் கேட்டே விட்டார். அவர் தலையில் காப்பியைக் கொட்டாமல் இருந்ததற்காக நான் இன்றுவரை என்னைப் பாராட்டிக்கொள்கிறேன். அக்காவுக்கு இருபத்தாறு நடந்துகொண்டிருந்தது. அந்தக் காலத்தில் அது வீட்டில் யாரும் சத்தமாகச் சொல்லாத எண்.

அப்போதுதான் சைகோன் மாப்பிள்ளை வந்தார். ஆள் வரவில்லை, போட்டோ வந்தது. எங்கள் ஊரில் பாதி மாப்பிள்ளைகள் அப்படித்தான். ஆள் கடலுக்கு அந்தப் பக்கம் பிரெஞ்சு சர்க்கார் வேலையில் இருப்பார், போட்டோ மட்டும் முன்னால் வரும். இவர் இந்தோசீனாவில், சைகோன் தபால் ஆபீசில் இருந்தார். கருவடிக்குப்பத்தில் இருந்த அவருடைய சித்தப்பா போட்டோவைக் கொண்டுவந்து, பெண்ணின் போட்டோவை வாங்கிக்கொண்டு போனார்.

பெண்ணின் போட்டோ என்றேனே, அது ஒரு தனிக் கூத்து. ஸ்டுடியோவில் கண்ணாடியைக் கழற்றச் சொல்லிவிட்டாள் அத்தை. கல்யாணத்துக்குப் பிறகு கண் கெட்டுப்போனதாகச் சொல்லிக்கொள்ளலாம் என்பது அவள் திட்டம். அப்பா, கேட்டால் பொய் சொல்லக்கூடாது, கேட்காவிட்டால் சொல்லத் தேவையில்லை என்று சட்டம் பேசினார். கண்ணாடி இல்லாத அக்கா, கேமரா எங்கே இருக்கிறதென்று தெரியாமல், பக்கத்தில் தொங்கிய திரைச்சீலையைப் பார்த்து மிகவும் அன்பாகச் சிரித்தாள். அதுதான் சைகோனுக்குப் போனது.

அவர் போட்டோ வந்த அன்று அக்கா அதைக் கொல்லைப்பக்கம் கொண்டுபோய், கண்ணாடியைக் கழற்றி, மூக்கில் ஒட்டாத குறையாக வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள். பிறகு என்னிடம் திருப்பித் தந்தாள்.

"எனக்குப் புடிச்சிருக்குது. நான் போறேன்" என்றாள். "நீ நடுவுல பூந்து எதையாவது கெடுத்து வைக்காத."

அக்கா தனக்கு ஒன்று வேண்டும் என்று வாயைத் திறந்து சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் ஏன் கெடுக்கப் போகிறேன் என்று கோபித்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அத்தை தன் மனுவைப் போட்டாள். இவ்வளவு பெரிய கண்ணாடி வீட்டில் சும்மா கிடக்கிறது, பெண்ணைக் கடல் தாண்டிக் கொடுக்கப் போகிறோம், பையன் முகத்தை அதில் ஒரு தரம் வைத்துப் பார்த்துவிட்டால் என்ன? அப்பாவுக்கு இது நியாயமாகப் பட்டது. சாட்சியத்தைப் பரிசோதிக்காமல் எந்த நீதிமன்றமும் முடிவு செய்வதில்லை என்றார். நான் கருவியை மேசை மேல் எடுத்து வைத்தேன். அது என் தவறு என்று அக்கா பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் ஒப்புக்கொள்ளவில்லை, இப்போதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். நீதிமன்றம் கேட்டது, நான் கொடுத்தேன். மேலும், அந்தக் கருவியில் நான் எப்படித் திருகாணி திருப்புகிறேன் என்பதை வீட்டில் யாரும் அதுவரை உட்கார்ந்து பார்த்ததில்லை.

முதலில் அத்தை குனிந்தாள். குனிந்தவள் உடனே நிமிர்ந்து மார்பில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"கன்னங்கரேல்னு இருக்கிறான்" என்றாள்.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். அந்தக் கருவியில் வெளிச்சம் கீழே இருக்கிற சின்ன முகம்பார்க்கும் கண்ணாடியிலிருந்து வரும். பொருள் வெங்காயச் சருகுபோல மெல்லியதாக இருந்தால் வெளிச்சம் அதை ஊடுருவி மேலே வரும், நாம் பார்ப்போம். போட்டோவோ தடித்த அட்டையில் ஒட்டியது. அட்டைக்குள் வெளிச்சம் எங்கே போகும்? இருட்டைத்தான் பார்க்கலாம். இதை விளக்கி முடிப்பதற்குள் அத்தை, கறுப்பாக இருந்தாலும் பரவாயில்லை, குணம்தான் முக்கியம் என்று பெருந்தன்மையோடு ஒரு படி இறங்கி வந்திருந்தாள்.

மேசையை முற்றத்து வெயிலுக்குப் பக்கத்தில் நகர்த்தினேன். அக்காவின் முகம்பார்க்கும் கண்ணாடியை வாங்கி, வெயிலைச் சாய்த்துப் போட்டோவின் மேலே விழவைத்தேன். நாற்பது மடங்குக்குத் திருப்பினேன். இப்போது தெரிந்தது. ஆனால் நாற்பது மடங்கில் முழு முகம் தெரியாது. ஒரு மிளகு அளவு இடம்தான் வட்டத்துக்குள் வரும். மற்ற இடத்தைப் பார்க்க அட்டையை நகர்த்த வேண்டும். அதிலும் ஒரு சங்கடம். அந்தக் கருவியில் எல்லாம் தலைகீழ், இடவலம் மாற்றம். வலப்பக்கம் நகர்த்தினால் படம் இடப்பக்கம் ஓடும். பழகியவர்களுக்கே முதல் ஒரு மாதம் தலை சுற்றும்.

அத்தை பழகாமலே பயணத்தைத் தொடங்கினாள். ஒரு கண்ணை மூடிக்கொள்ள அவளுக்கு வராது; ஆகவே ஒரு கையால் பொத்திக்கொண்டு மறு கையால் அட்டையைத் தள்ளினாள். இதோ வாய்க்கு வந்துவிட்டேன் என்றாள். அது கோட்டுப் பொத்தான். மூக்கில் ஒரே ஓட்டைதான் இருக்கிறது என்று பதறினாள். அது பொத்தானின் துளை. கொஞ்ச நேரம் வழி தவறி மாப்பிள்ளைக்குப் பின்னால் இருந்த பூஞ்சட்டிக்குப் போய், இலையைப் பார்த்துவிட்டுக் காது பெரிதாக இருக்கிறது என்று குறைப்பட்டுக்கொண்டாள். நான் அட்டையைப் பிடித்துக் கன்னத்தில் கொண்டுவந்து நிறுத்தினேன். அத்தை அட்டையைத் தள்ளுவதை நிறுத்திவிட்டாள். அவள் ஓர் இடத்தில் நிற்பது நல்லதில்லை என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அம்மைத் தழும்பு என்றாள் மெல்ல. கன்னம் முழுக்கக் குழி குழியாக, புள்ளி புள்ளியாக இருக்கிறதாம். அப்பா வந்து குனிந்தார், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் குனிந்தார். சந்தேகத்துக்கு இடமில்லை என்றார். நான் பார்த்தேன். குழியும் புள்ளியும் இருந்தது உண்மைதான். ஆனால் அது தாளின் சொரசொரப்பு, படம் அச்சான மருந்தின் மணி. எந்தப் போட்டோவை வைத்தாலும் அப்படித்தான் இருக்கும் என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

"நீ சாட்சி" என்றார் அப்பா. "சாட்சி தீர்ப்பு சொல்லக் கூடாது."

அன்று மாலையே போட்டோ கருவடிக்குப்பத்துக்குத் திரும்பிப் போனது. பெண்ணுக்குக் கப்பல் பயணம் ஒத்துக்கொள்ளாது என்று மரியாதையாகக் காரணம் சொல்லி அனுப்பினார்கள்.  அக்கா அடுப்படியில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் போய் நின்றதும் தலை நிமிராமலே, "கெடுக்காதன்னுதானே சொன்னேன்" என்றாள். ஒரு சண்டைக்காரனுக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபம் என்று காட்டிக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

அந்த வாரம் முழுவதும் வீட்டில் நான் மேல்முறையீடு நடத்தினேன். அப்பாவுக்குக் கருவி எப்படி வேலை செய்கிறது என்று புரிந்தால் போதும் என்பது என் நம்பிக்கை. அவருக்குப் புரிகிற மாதிரி எடுத்துச் சொன்னேன். அடிக்கண்ணாடி பொருளைப் பார்த்துவிட்டு, பார்த்ததைப் பெரிதாக்கிக் குழாய்க்குள் ஒரு படமாகச் சொல்கிறது. மேல்கண்ணாடி பொருளைப் பார்ப்பதே இல்லை. கீழே இருப்பவள் சொன்னதைக் கேட்டு, அதை இன்னும் பத்து மடங்காக்கி நம்மிடம் சொல்கிறது. நம் தெருக்குழாயடியில் நடப்பதுதான் இது. முதல் ஆள் பார்க்கத் தவறியதை இரண்டாவது ஆள் எத்தனை மடங்கு பெருக்கினாலும் புதிதாக ஒன்றும் கிடைக்காது, சத்தம்தான் பெரிதாகும். இங்கே முதல் ஆள் போட்டோ. போட்டோவில் இல்லாதது எந்தக் குழாயிலும் வராது. அளவு மீறிப் பெருக்கினால் முகம் போய்த் தாள்தான் மிஞ்சும்.

அப்பா கவனமாகக் கேட்டார். தெருக்குழாயடி என்றால் யாரைச் சொல்கிறாய் என்று அத்தை கேட்டாள். முறையீடு அத்தோடு நின்றது.

பேச்சு எடுபடாததால் நிரூபணத்தில் இறங்கினேன். அப்பா உத்தியோகத்தில் இருந்தபோது கோட்டும் தொப்பியுமாக எடுத்துக்கொண்ட போட்டோவைச் சுவரிலிருந்து கழற்றிக் கருவியில் வைத்தேன். அப்பா கன்னத்திலும் அதே குழிகள், அதே புள்ளிகள். பாருங்கள், உங்களுக்கும் தழும்பு என்று வெற்றிக்குரலில் சொன்னேன். அப்பா பார்த்தார். அவர் கை தானாகக் கன்னத்துக்குப் போனது. அத்தை அவர் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, அப்பாவுக்கு ஏழு வயதில் அம்மை போட்டதையும், வேப்பிலைமேல் கிடத்தியதையும், லேசாகப் போட்டதால் வெறும் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிட்டதையும் விவரமாகச் சொன்னாள். இத்தனை வருடம் கழித்து அதையே கண்டுபிடித்துவிட்ட கருவிமேல் இருவருக்கும் மரியாதை இரண்டு மடங்காகிவிட்டது. நான் செத்தேன்.

கூடத்தில் மாட்டியிருந்த மேற்றிராணியாரின், அதாவது பிஷப்பின், படத்தை வைத்துப் பார்க்கலாம் என்றேன். அதற்கு அத்தை என்னைப் பார்த்த பார்வையில் நான் அந்த யோசனையைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

மிச்சம் இருந்தது அக்காவின் போட்டோ. ஸ்டுடியோக்காரர் இரண்டு பிரதி போட்டிருந்தார். ஒன்று சைகோனில், ஒன்று அலமாரியில். அக்காவுக்கு அம்மையே போட்டதில்லை. இனி யாரும் வாய் திறக்க முடியாது. வைத்துக் காட்டினேன். அக்கா கன்னத்திலும் அதே மணிகள் தெரிந்தன. அத்தை திகைத்துப்போனாள். நான் விடவில்லை. நாற்பது மடங்கு இந்த வேலைக்கு மிகை, இதோ பத்து மடங்கில் பாருங்கள், பத்தில்தான் முகம் முகமாக இருக்கும் என்று லூப்பை அவள் கையில் கொடுத்தேன்.

அத்தை லூப்பில் பார்த்தாள். கன்னம் வழுவழுவென்று இருந்தது. ஆனால் மூக்கின் மேலே, இரண்டு புருவத்துக்கும் கீழே, பொடிப்பொடியாகக் கோடுகள் இழைத்திருந்தது தெரிந்தது. என்ன அது என்றார் அப்பா. ஸ்டுடியோக்காரர் வேலை என்றாள் அத்தை. கண்ணாடி அழுத்தி அழுத்தி அக்காவின் மூக்கில் இரண்டு பள்ளம் விழுந்திருந்தது. அது படத்தில் தெரியாமல் இருக்க, படம் பிடித்த கண்ணாடித் தகட்டில் பென்சிலால் இழைத்து மறைத்துத் தரும்படி அத்தையே அவரிடம் சொல்லியிருந்தாள். வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. லூப்பில் அப்பட்டமாகத் தெரிந்தது.

அப்பா லூப்பை வாங்கித் தாமும் பார்த்தார். பிறகு அப்பா கேட்ட கேள்வியை என்னால் மறக்க முடியாது.

"சைகோன்ல இந்த மாதிரி சாமான் இருக்குமா?"

சைகோன் பெரிய ஊர், மிக்ரோஸ்கோப்பே எத்தனையோ இருக்கும், லூப்பு ஆளுக்கு ஒன்று வைத்திருப்பார்கள் என்று நான் தயங்காமல் சொன்னேன். அப்பாவின் முகம் மாறிவிட்டது. அவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, பெண்ணின் போட்டோவை மேசையில் வைத்தால்? மூக்கைப் பார்த்துவிட்டால்? பெண்ணுக்குக் கண் தெரியாது, அதை மறைத்து ஏமாற்றினார்கள் என்று ஊருக்கே எழுதிவிட்டால்? நீதிமன்றத்தில் வேலை பார்த்த மனிதர் பிரதிவாதியாக நிற்பதா? தழும்பு கிழும்பு எல்லாம் தாளின் சொரசொரப்புத்தான் என்று அத்தையே இப்போது என் கட்சிக்கு வந்துவிட்டாள். அவர்கள் கண்டுபிடிப்பதற்குள் நாம் சம்மதம் சொல்லி முந்திக்கொள்ள வேண்டும் என்றாள். அப்பா சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு, ஆள் தள்ளும் புஷ்புஷ் வண்டி பிடித்துக் கருவடிக்குப்பம் போனார். பெண்ணுக்குக் கப்பல் ஒத்துக்கொள்ளும் என்று ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லிவிட்டதாகச் சொல்லிச் சம்மதம் கொடுத்துவிட்டு வந்தார்.

என் மேல்முறையீடு ஜெயித்ததாக நான் இரண்டு மாதம் பீற்றிக்கொண்டிருந்தேன். அக்கா என்னோடு மறுபடியும் பேச ஆரம்பித்தாள்.

மாப்பிள்ளை விடுப்பில் வந்தார். அப்பாவும் நானும் அவருடைய சித்தப்பாவோடு, கடலுக்குள் நீண்டிருக்கிற கப்பல் துறைப் பாலத்துக்குப் போனோம். எங்கள் ஊரில் கப்பல் தள்ளித்தான் நிற்கும்; ஆட்கள் படகில் வந்து பாலத்தில் ஏற வேண்டும். வெள்ளைக் கோட்டும் தொப்பியுமாக ஒருவர் படியேறி வந்து, தொப்பியைக் கழற்றி அப்பாவை வணங்கினார். காலை வெயில் நேராக அவர் முகத்தில் விழுந்தது. இரண்டு கன்னத்திலும் அம்மைத் தழும்பு. பார்க்க லூப்பும் வேண்டாம், மிக்ரோஸ்கோப்பும் வேண்டாம். பாலத்தின் அந்தக் கோடியிலிருந்தே தெரியும். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கடலைப் பார்த்தேன்.

வீட்டில் அத்தைக்கு வருத்தத்தைவிட ஆனந்தம் அதிகம். தான் அன்றைக்கே பார்த்துச் சொன்னதாகப் பார்த்தவர்களிடம் எல்லாம் சொன்னாள். நான் தாளின் மணி, மருந்தின் மணி என்று மறுபடி ஆரம்பித்தேன், யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எனக்கே கொஞ்சம் உதைத்தது. அவள் பார்த்தது தாளைத்தான், அது சத்தியம். ஆனால் தாளைப் பார்த்து அவள் சொன்னது உண்மையாகிவிட்டதே, அதை எந்த விலைப் புத்தகத்தில் தேடுவது? அப்பா அன்று முழுவதும் சாய்வுநாற்காலியை விட்டு எழவில்லை. சம்மதத்தைத் திரும்பப் பெறலாமா, கூடாதா என்று யோசித்தார். பெறலாம் என்றால் அவர்கள் மறைத்ததைச் சொல்ல வேண்டும். சொன்னால் நாம் மறைத்தது என்ன என்று கேட்பார்கள். கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசித்து, தடை இருந்தால் சொல்லுங்கள் என்று சாமியார் ஊரைக் கேட்பாரே, அதை நினைத்தாலே அவருக்கு வியர்த்தது. அக்காவைக் கேட்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

மறுநாள் மாலை மாப்பிள்ளை சித்தப்பாவோடு வீட்டுக்கு வந்தார். அக்கா கண்ணாடி இல்லாமல்தான் வெளியே வர வேண்டும் என்று அத்தை கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அதில் அவளுக்கு இரட்டை லாபம்: அவருக்குக் கண்ணாடி தெரியாது, அக்காவுக்குத் தழும்பு தெரியாது. அக்கா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டாள். காப்பித் தட்டைக் கொடுத்து அனுப்பினார்கள். வாசற்படி எங்கே, நாற்காலி எங்கே என்று நான் காதோடு சொல்லிக்கொண்டே பக்கத்தில் நடந்தேன். ஆனாலும் அவள் நேராகப் போய், வெள்ளையாகத் தெரிந்த ஒன்றின் முன்னால் நின்று, காப்பியை நீட்டினாள். அது மாப்பிள்ளை ஆணியில் மாட்டியிருந்த அவருடைய கோட்டு.

யாரும் சிரிக்கவில்லை. அப்பா கண்ணை மூடிக்கொண்டார். மாப்பிள்ளை எழுந்தார், சத்தமில்லாமல் நடந்து கோட்டுக்கு முன்னால் போய் நின்றுகொண்டார், தட்டிலிருந்து காப்பியை எடுத்துக்கொண்டார். அங்கே நின்றபடியே அப்பாவிடம் பேசினார்.

"மாமா, அவங்களக் கண்ணாடி போட்டுக்கச் சொல்லுங்க. நான் வேணுமா வேணாமான்னு அவங்களும் பாத்துச் சொல்லணும் இல்ல."

 எந்தக் கண்ணாடி என்று அத்தை கேட்டுப் பார்த்தாள். தபால் ஆபீசில் கள்ள முத்திரை பார்க்க லூப்பு வைத்திருப்பதாகவும், போட்டோ வந்த அன்றே அதில் பார்த்துவிட்டதாகவும் அவர் சொன்னார். மூக்குமேல் பென்சில் வேலை இருந்தது, அந்த இடத்தில் கண்ணாடியைத் தவிர வேறு எது அழுத்தும் என்றார். குற்றமாகச் சொல்லவில்லை. வானம் மூடியிருக்கிறது, மழை வரும் என்பதுபோலச் சொன்னார்.

அக்கா தட்டை என் கையில் கொடுத்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். தலையை நிமிர்த்தி அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். எங்கள் தெருவில் ஒரு பெண், நாலு பேர் நடுவில், ஓர் ஆண் முகத்தை அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை. அவரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல், வெளிச்சம் கன்னத்தில் விழும்படியே நின்று பார்க்கக் கொடுத்தார்.

"உங்க போட்டோவுல ரெண்டு கன்னத்துலயும் பென்சில் வேலை" என்றாள் அக்கா. "நான் லூப்பு இல்லாமலே பாத்துட்டேன்."

தழும்பே இல்லை என்று நான் தொண்டை கிழியக் கத்திய அந்த வாரம் முழுவதும் அவள் ஏன் வாயைத் திறக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. மாப்பிள்ளை கோப்பையைக் கீழே வைக்க இடம் தேடினார். அக்கா அதை வாங்கிக்கொண்டாள். பிறகு அத்தையையும் தாண்டி, என்னையும் தாண்டி, அப்பாவைப் பார்த்துச் சொன்னாள்:

"ஓலை வாசிக்கச் சொல்லிடுங்கப்பா."